ஊற்றுக்குள் இறங்கி நின்ற நாள்

பாலாறு கடலில் போய்ச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, ஆற்றங்கரையை ஒட்டி அரசாங்கச் சவுக்குக் காடு ஒன்று இருந்தது. எழுபதுகளின் கடைசியில், பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும்போது, அங்கே ஒரு வாரம் பள்ளியின் சாரணியர் முகாமில் தங்கினேன். அழகான இடம்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். காற்று அடித்தால் காடே மூச்சு விடுவதுபோல் இருக்கும். உதிர்ந்த சவுக்கு இலை மெத்தையாகக் கிடக்கும். அதன்மேல் கோணிப்பை விரித்துப் படுத்தால் முதுகு நோகாது. அவ்வளவு நல்ல இடத்தில் வைத்து அதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆரணியிலிருந்து புறப்பட்டோம். நான் அரசாங்க விடுதியில் தங்கிப் படித்தவள். எங்கள் வீடு ஊருக்கு வெளியே காலனியில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். விடுதியிலிருந்து முகாமுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். நானும், கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண்ணும். அவள் எனக்கு ஒரு வகுப்பு கீழே. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது பட்டுக் கடைக்காரர் மகள். வகுப்பிலும் அவளும் நானும் ஒரே பெஞ்சு. கணக்கில் அவளுக்கு நான் சொல்லிக் கொடுப்பேன், இங்கிலீஷில் எனக்கு அவள் சொல்லிக் கொடுப்பாள். செய்யாறு தாண்டி, காஞ்சிபுரம் தாண்டி, செங்கல்பட்டு வரைக்கும் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினாள். அவளை என் சிநேகிதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகாமுக்குப் பொறுப்பு தையல் டீச்சர். காலையில் விசில் ஊதி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, அன்றைக்கு யார் யாருக்கு என்ன வேலை என்று சொல்வார். சமையல், தண்ணீர், கூட்டுவது, விறகு, கக்கூஸ் குழி. வேலை தினம் மாறும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். மாறவும் மாறியது, எங்கள் இருவருக்கும் தவிர. எங்களுக்கு விறகு, இல்லாவிட்டால் குழி. முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை. மறுநாளும் மண்வெட்டியைக் கொடுத்தபோது கேட்டேன்.

"டீச்சர், எங்களுக்கு சமையல் எப்ப வரும்ங்க?"

"நீங்க ரெண்டு பேரும் மண்ணு நல்லா வெட்றீங்கம்மா. மத்த பொண்ணுங்களுக்கு கை கொப்பளிச்சிடும். உங்களுக்கு பழக்கம்தானே."

சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் கையை நான் பார்த்துக்கொண்டேன். ஏற்கெனவே கொப்பளித்திருந்தது.

குடிதண்ணீரையும் சொல்ல வேண்டும். ஆற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் அதுவரைக்கும் வந்துவிடும். மேட்டுப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று காட்டுக் காவலர் இடத்தைக் காட்டினார். தோண்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் இரண்டு பேரும்தான். இடுப்பளவு தோண்டியதும் சில்லென்று ஊறியது. பாவாடை நனைய நின்று மணலை அள்ளி அள்ளி வெளியே போட்டோம். தண்ணீர் தெளிய ஆரம்பித்ததும், "போதும், மேல வாங்க" என்றார் டீச்சர். அதன் பிறகு வேறு பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. களைத்துப்போயிருக்கிறோம், அதனால் மேலே வரச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு வெள்ளை மனசு.

நான்காவது நாளோ என்னவோ, மத்தியானம் வெயிலில் புதுக் குழி வெட்டினோம். பழைய குழி நிரம்பிவிட்டது. நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் இருவருக்கும் எப்போதும் யாராவது சொம்பில் மொண்டு வந்து கையில் ஊற்றுவார்கள். அன்றைக்கு யாரையும் காணோம். சமையல் கூடாரத்துக்குப் போனேன். அண்டா மூடியிருந்தது. மூடியை எடுத்து, சொம்பை உள்ளே விட்டு மொண்டு, அண்ணாந்து குடித்தேன். இன்னொரு சொம்பு மொண்டபோதுதான் பார்த்தேன். கூடாரத்து வாசலில் டீச்சர் நின்றிருந்தார். அவர் பின்னால் பட்டுக் கடைக்காரர் மகள், கையில் வெங்காயத் தட்டோடு.

டீச்சர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒதுங்கியதும் நேராக வந்து அண்டாவின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தார். அத்தனை தண்ணீரும் மணலில் போயிற்று. சத்தம் கேட்டு ஓடி வந்த பெண்களிடம் சொன்னார்:

"பல்லி விழுந்துடுச்சு. போயி வேற தண்ணி கொண்டாங்க. ஜல்தி."

தூரத்திலிருந்து குடம் சுமந்தவர்கள் முனகினார்கள். "பேஜாரா போச்சு" என்றாள் ஒருத்தி. பட்டுக் கடைக்காரர் மகள் என்னைப் பார்த்தாள், தண்ணீர் ஓடிய மணலைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான்.

கோபம் என்றால் எனக்கு அதுவரை கத்துவதும் அழுவதும்தான். அன்றைக்கு வந்தது வேறு. உடம்பு முழுக்க ஒரே சூடு, ஆனால் புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தேன். குடத்தோடு போனவர்களுக்கு முன்னால் போய், நாங்கள் தோண்டிய ஊற்றுக்குள் இறங்கி நின்றேன்.

குடம் எடுத்து வந்தவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் டீச்சரைக் கூட்டி வந்தாள். மணலில் செருப்புப் புதையப் புதைய அவர் வந்தார்.

"இன்னாடி இது? குடிக்கிற தண்ணில காலை வெச்சிகினு நிக்கிற?"

"இதையும் கவுத்துடுங்க டீச்சர்."

"இன்னா சொன்ன?"

"அண்டாவ கவுத்தீங்களே. இத்தையும் கவுத்துடுங்க. நானு தோண்டனதுதான. முந்தா நேத்திலேர்ந்து எல்லாரும் இத்தத்தான குடிச்சிகினு கீறீங்க."

டீச்சர் முகம் சிவந்துவிட்டது.

"பல்லி விழுந்துச்சுன்னு சொன்னேன் இல்ல?"

"எந்தப் பல்லி டீச்சர்? எனக்குக் காட்டுங்க. இல்ல, பல்லி விழலன்னு இவங்ககிட்ட சொல்லுங்க. நான் மேல வந்துடறேன்."

அப்போதுதான் கண்ணமங்கலத்துப் பெண் வந்தாள். நான் கூப்பிடவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கி என் பக்கத்தில் நின்றாள். "நீ போ, உனக்கு எதுக்கு இது" என்றேன். "நானும்தான தோண்டனேன்" என்றாள். அந்த முகாமில் அவள் உரக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

டீச்சர் காட்டுக் காவலரைத் தேடினார். வேறு நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கிராமத்துக்குத்தான் போகணும் என்றார் அவர். பெண்கள் வெயிலில் நின்றார்கள். கொஞ்ச நேரம் டீச்சர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி நின்று, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

"மொண்டுகினு வாங்க. கொதிக்க வெச்சிட்டா ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொதிக்க வைத்தால் ஒன்றுமில்லையாம். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். எங்களைச் சுற்றிக் குனிந்து குனிந்து மொண்டார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் மெதுவாக, "கொஞ்சம் நகரேன்" என்றாள். நகர்ந்தேன். அன்று மாலை அந்தத் தண்ணீரில் போட்ட காபியை டீச்சர் கண்ணாடி டம்ளரில் ஊதி ஊதிக் குடித்ததை நான் எதிரே நின்று பார்த்தேன். ஜெயித்ததுபோல் இல்லை. பல்லி விழவில்லை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் விசில் ஊதி வேலை சொன்னபோது எங்கள் இருவருக்கும் எதுவும் சொல்லவில்லை. குழியும் இல்லை, விறகும் இல்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்க." மீதி நாளெல்லாம் நாங்கள் ஆற்றோரமாக நடந்தோம். மற்றவர்கள் முடிச்சுப் போடவும் கட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில், முகத்துவாரம் வரைக்கும் போனோம். கடலை என் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணமங்கலத்துப் பெண் குழந்தைபோல் அலைக்குப் பின்னால் ஓடினாள். எனக்கு ஓடத் தோன்றவில்லை. இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று நினைத்தேன். கடலைப் பார்த்த சந்தோஷத்தையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்த வாரமே அப்பாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் அவரை நைனா என்போம். வேலையை விட்டுவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வராந்தாவில் நின்றுகொண்டே பேசினார். உட்கார நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"குடிக்கிற தண்ணிய அசிங்கம் பண்ணிட்டா உங்க பொண்ணு. இத்தினி பொண்ணுங்க குடிக்கிற தண்ணி" என்றார் டீச்சர்.

அப்பா தலையை ஆட்டினார். பிறகு தணிந்த குரலில், "அந்த ஊத்த யாரும்மா தோண்டனது?" என்று கேட்டார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா அதற்குமேல் கேட்கவும் இல்லை. "சின்னப் பொண்ணு, மன்னிச்சுக்கோங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டேன்.

"எதுக்கு நைனா கும்பிட்ட? நானு இன்னா தப்பு செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் தப்பு செய்யல."

"அப்பறம்?"

"பரீச்ச வருது இல்ல. அந்தம்மா ஒரு வார்த்த தப்பா சொன்னா உன்ன உக்கார வுடுவாங்களா? நானு ஒரு கும்புடு போட்டா ஒண்ணும் கொறஞ்சி பூடாது."

"எனக்குக் கொறஞ்சிடுச்சு."

அவர் நின்று என்னைப் பார்த்தார். "எனக்கு மட்டும் கோவம் இல்லன்னு நெனச்சிகினியா?" என்றார். விடுதி வாசலில் என்னை விட்டுவிட்டு, பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார். பரீட்சை எழுதினேன், தேறினேன், மேலே படித்தேன். செய்யாற்றில் எனக்கு அரசாங்க வேலையும் கிடைத்தது. கண்ணமங்கலத்துப் பெண் அடுத்த வருஷம் படிப்பை நிறுத்திவிட்டாள். கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். முகாமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

எண்பதுகளின் நடுவில், ஆரணி பஸ் ஸ்டாண்டில் பட்டுக் கடைக்காரர் மகளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் பெட்டி, வேலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய பேச்சு பேசினோம். நடுவில், "அந்த சவுக்குக் காட்டு கேம்ப் ஞாபகம் இருக்குதாடி? எவ்ளோ ஜாலியா இருந்துச்சு" என்றாள்.

"உனக்கு இருந்திருக்கும்" என்றேன்.

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. கையை விட்டாள்.

"ஐயோ, அத்த இன்னுமா மனசுல வெச்சிகினு கீற? சின்ன விஷயம்டி அது."

"சின்ன விஷயம்தானே. நீ அன்னிக்கு வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எனக்கு பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்."

வேலூர் பஸ் வந்தது. குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டு, கூட்டத்தோடு முண்டியடித்து ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அங்கிருந்து கை காட்டுவாள் என்று நினைத்தேன். குழந்தையின் சட்டைப் பித்தானைப் போடுவதுபோல் குனிந்துகொண்டாள். பஸ் வளைவு திரும்பும்வரை நான் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு செய்யாறு பஸ் எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனேன்.