செம்பா, ஈயமா, இரிடியமா?

"பேரைக் கேட்காதீங்கக்கா, பொருளைக் கேளுங்க" என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கடை முதலாளி சாதிக் பாய். என் சின்ன மகள் கல்யாணம் முடிந்த மறுமாதம், பெரம்பலூரில் அவருடைய பழைய இரும்புக் கடைக்குத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போன அன்றைக்குச் சொன்னார். எட்டாம் வகுப்புப் படித்த என் கையில் ஒரு காந்தம், ஓர் அரம், ஒரு பாட்டில் ஆசிட், கொஞ்சம் வெள்ளைத்தாள் கொடுத்தார். பொருள் உண்மையைத்தான் சொல்கிறது. அதைக் கொண்டு வந்தவரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் என் பாடு புரியும்.

அரிசி இழுக்கும் கலசம்

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், துணியில் சுற்றிய கலசத்தைக் குழந்தையைப் போல இறக்கி வைத்தார். "இரிடியம்ங்க, கோடிக்கணக்குல போகும். அரிசியை இழுக்கும்." அவர் பையிலிருந்து போட்ட அரிசி நிஜமாகவே ஓடிப்போய் ஒட்டியது. என் காந்தத்தைக் காட்டினேன். இங்கேயும் ஓடி வந்தது. இரும்புத்தூள் தடவின அரிசி! கலசம் வெறும் செம்பு, அடியில் ஒரு காந்தம். பக்கத்து மளிகைக் கடையில் ஒரு பிடி அரிசி வாங்கிப் போட்டேன். ஒரு மணிகூட அசையவில்லை. அவர் அசந்தாரா?

"இட்லி அரிசிக்கெல்லாம் வராதும்மா, நல்ல பொன்னியாப் போடுங்க."

எரிந்த காயில்

பூலாம்பாடி விவசாயி ஒருவர் எரிந்துபோன மோட்டார் காயிலோடு வந்தார். ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாம். "சுத்தச் செம்பு" என்றார். தூக்கினபோதே கனம் போதவில்லை. அரத்தில் தேய்த்தால் மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். செம்பென்றால் சும்மா கிடந்திருக்கும், இது நுரைத்தது. "அலுமினியம்ண்ணே" என்றேன். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காயில் கட்டினது வூட்டுக்காரி தம்பிங்க. அவ வெளியிலதான் நிக்கிறா, செம்புன்னே சொல்லி வைங்க."

உருகின சொம்பு

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அம்மா ஒருவர், அடுப்பில் உருகிப்போன ஈயச் சொம்பைக் கொண்டு வந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தினமும் ரசம் கேட்கிறாளாம். அரியலூர் போனபோது வண்டிக்காரனிடம் ஒரே மாதிரி இரண்டு வாங்கினாராம். ரசம் வைக்கிற ஈயம் வெள்ளீயம். தாளில் தேய்த்தால் கோடு விழாது. இது பென்சில் மாதிரி கருப்பாக இழுத்தது. காரீயம். புளிப்பில் கரைந்தால் லேசாக இனிக்கும், ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு விஷம். முருகா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார்.

"உருகினதுதானேங்க கெட்டது, வூட்டுல இருக்கிறது நல்லாத்தான் இருக்கு."

மகளின் கையில் தாள்

மனசு கேட்கவில்லை. சாயங்காலம் தாளும் கையுமாக அவர்கள் வீட்டுக்கே போனேன். இந்தத் தடவை தாளை மகளிடம் கொடுத்தேன். வீட்டில் இருந்த இன்னொரு சொம்பின் ரசத்தைக் கொட்டிவிட்டு, கழுவித் துடைத்து, விளிம்பை அவளே தேய்த்தாள். அதே கருப்பு. விடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போய், விஷயத்தைச் சொல்லி ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் வயிற்றில் கை வைத்தபடியே தன் அம்மாவைப் பார்த்தாள்.

"உன் ரசம் மட்டும் லேசா இனிக்குதுன்னு மாமியார்கிட்டகூடப் பெருமையாச் சொன்னேனேம்மா."

பிரிக்கிறது சுலபம்ங்க, பிரித்ததை நம்ப வைக்கத்தான் எங்கள் தொழிலில் இன்னும் ஒரு கருவி வரவில்லை. உங்கள் வீட்டில் ஈயச் சொம்பு இருந்தால், அடுத்த ரசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் தேய்த்துப் பாருங்கள்.