பறவை நிற்கும் ஆழம்

தை பிறந்து ஒரு வாரமிருக்கும். விடியுமுன் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கினேன். பழவேற்காட்டுக்கு முதல் பஸ், டிக்கெட் அறுபது பைசா. வழியெல்லாம் பனி. வயலும் பனைமரமும் தலையைக் காட்டிவிட்டு மறைந்தன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாய்ப் படுத்திருக்கும் மணல்தீவுக்குப் போவதாகத் திட்டம். அதன் ஏரிப்பக்கம் பூநாரைகள் இறங்கும். கடல்பக்கத்து மணலில் ஆமைகள் ஏறி முட்டையிடும். எங்கள் ஊரில் தொழிற்சாலைக்காக நிலம் அளந்து கல் நட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. அளக்காத இடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பிவிட்டேன்.

ஏழு மணிக்குத் துறையில் நின்றேன். ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது. படகுக்காரர் கண்ணையன், ஆளுக்கு ஒரு ரூபாய் என்றார். படகில் முன்பே இரண்டு பெண்கள். சின்னவள் தேவகி, தாய்வீட்டில் பிள்ளை பெற்று, மூன்று மாதப் பெண்குழந்தையோடு தீவிலிருக்கும் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். கூட்டிப்போக வந்திருந்த சரசு அவள் புருஷனுக்கு அக்கா. தாய்வீட்டில் மூன்று மாதம் தூங்கி எழுந்து உடம்பு பெருத்துவிட்டதாம், படகு ஒரு பக்கம் சாய்கிறதாம் என்று சரசு ஆரம்பித்திருந்தாள். தேவகி வாய் திறக்கவில்லை. பிறகு பேச்சு என் பக்கம் திரும்பியது.

"நாரையப் பாக்கவா சார் ரயிலேறி வந்துக்கீறே? ஊட்ல சொல்லிட்டு வந்தியா?"

சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். நம்பாத சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

வெயில் ஏறினால் பனி கலைந்துவிடும், அரைமணி நேரப் பாடுதான் என்று கண்ணையன் கழியை ஊன்றித் தள்ளினார். எனக்கு நீந்தத் தெரியாது. அதைச் சொன்னதும், இந்த ஏரியில் விழுந்தால் எழுந்து நின்றால் போதும் சார், இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது என்றார். முகத்துவாரம் ஒன்றுதான் ஆழம். ஏரி மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போகிற வாய். மழைக்குப் பிறகு அது அகலமாய்த் திறந்து கிடக்கும். வற்றத்தில் ஏரித்தண்ணீரைக் கடல் உள்ளே இழுக்கும்போது அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்களாம்.

பின்னால் கரை போயிற்று. பிறகு படகின் மூக்கும் போயிற்று. திடீரென்று கண்ணையனின் கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் இறங்கியது. கழி தரையைத் தொடவில்லை. படகை நிறுத்தக் கயிற்றில் கட்டிய கல்லை இறக்கினார். அது நிற்காமல் அடியில் இழுபட்டுக்கொண்டே வந்தது. படகு தானாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னாலிருந்து ஒரு சத்தம், தூரத்துப் பாலத்தில் கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போவதுபோல. கடல்.

சரசு எழுந்து கரையிருக்கும் திசை என்று நினைத்த பக்கமாகக் கூவினாள். அவள் கூவிய பிறகுதான், அதுவரை இடப்பக்கம் வேறொரு சத்தமும் இருந்ததை உணர்ந்தேன். அது நின்றுவிட்டதால் உணர்ந்தேன்.

கண்ணையன் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அடங்கிய குரலில் சொன்னார்.

"வாய மூடு சரசக்கா. அங்க நாரைங்க மேயுது. அதுங்க நிக்கிற எடத்துல நாமளும் நிக்கலாம். பறந்துட்சின்னா எந்தப் பக்கம் போறதுன்னு எனுக்குத் தெரியாது."

காத்திருந்தோம். சேற்றில் அலகு துழாவும் சத்தமும், கூட்டமாய்த் தொண்டைக்குள் முனகும் சத்தமும் மெல்லத் திரும்பின. கண்ணையன் துடுப்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுப்பார். நிறுத்திக் காது கொடுப்பார். ஒரு பக்கம் பறவை, ஒரு பக்கம் கடல். கடல்தான் நெருங்குவதாக எனக்குப் பட்டது. பலகையைப் பிடித்திருந்த என் விரல்கள் மரத்துப்போயின.

அப்போது குழந்தை நெளிந்தது.

தேவகி மார்பில் சேர்த்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதல் சிணுங்கல் வந்தது. பறவைகளின் முனகல் சட்டென்று குறைந்தது. தேவகி கண்ணையனைப் பார்த்தாள், பிறகு குழந்தையின் வாய்மேல் உள்ளங்கையை வைத்தாள். சின்ன முகம் அந்தக் கைக்குள் முழுக்க அடங்கிவிட்டது. கால்கள் மட்டும் உதைத்தன. துடுப்பு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. கடலை நான் மறந்தேன். அந்தக் கையைத்தான் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரமும் ஓயாமல் பேசிய சரசு, மெல்லக் கை நீட்டி, தேவகியின் விரல்களைக் குழந்தையின் மூக்கிலிருந்து விலக்கி, வாயோடு நிறுத்தினாள்.

கழி சேற்றில் குத்தியது. கண்ணையன் கயிற்றோடு குதித்தார். தண்ணீர் அவர் இடுப்பில் நின்றது.

தேவகி கையை எடுத்தாள். ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு கணத்தை இன்றும் நான் கடந்தபாடில்லை. பிறகு வந்தது பாருங்கள் அழுகை, பனியைக் கிழித்துக்கொண்டு. எங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர் அறைபட்டது. பூநாரைகள் நூற்றுக்கணக்கில் எழும்பின. வெள்ளைக்குள் சிவப்பாய்ச் சில இறக்கைகள் தெரிந்து, இல்லாமல் போயின.

"போச்சி சார். நீ பாக்க வந்ததெல்லாம் எங்க ஊட்டுப் பொண்ணு ஓட்டிட்ச்சி," என்று சரசு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குழந்தையைச் சமாதானம் செய்யக் கை நீட்டினாள்.

"அழட்டும்," என்றாள் தேவகி. அவள் பேசி அப்போதுதான் கேட்டேன்.

பனி விலகும்வரை அங்கேயே கிடந்து, பத்து மணிக்குத் தீவை அடைந்தோம். கடல்பக்கத்து மணலில் ஆமை ஏறி இறங்கிய தடம், மாட்டுவண்டிச் சக்கரம் பதிந்ததுபோல அகலமாய்க் கிடந்தது. ஆமையைக் காணவில்லை. மாலையில் திரும்பும்போது கண்ணையன் முகத்துவாரத்தைக் காட்டினார். வெயிலில் அது பளபளவென்று, ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னேரியில் ஏறிய ரயிலில் ஒரே நெரிசல். கவரைப்பேட்டை தாண்டியதும் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. எதிரே இருந்தவர் காதைப் பொத்தினார், யாரோ சலித்துக்கொண்டார்கள். அதன் தாய் பதறி அதன் வாயருகே கையைக் கொண்டு போனாள்.

விடுங்கம்மா, அழட்டும் என்றேன். கும்மிடிப்பூண்டி வரை அது நிறுத்தவேயில்லை.