சகலை கை வைத்த பெட்டி

மீட்டர்காரர் என்றால்தான் கடைத்தெருவில் தெரியும். சட்டைப்பையில் எப்போதும் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும். குளிக்கப் போகும்போதாவது கழற்றிவைப்பாரா என்று பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் கேட்பார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர், அதில் பொய்யில்லை. ஒரே ஒரு குறை. அவருக்கு ஒரு சகலை இருந்தார்.

மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனிதருக்கும் அதே தொழில். வயதில் இளையவர், தொழிலுக்கும் பின்னால் வந்தவர். ஆனால் கடைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வருகிறவர்கள் உட்கார சோபா. மீட்டர்காரர் கடைக்கு வருகிறவர்கள் பழைய மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தால் உண்டு. அந்த சோபாவை நினைத்தாலே மனுஷனுக்கு வயிறு எரியும். "சோபாவா ரிப்பேர் பண்ணுது?" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்போது கெட்டுப்போனது வீட்டுக் கம்ப்யூட்டர். உதிரி உதிரியாக வாங்கித் தன் கையால் கோத்து அதை மனைவிக்குக் கொடுத்தவர் அவரேதான். வீடு கட்டுகிறவர்களுக்கு அவள் அதில் வரைபடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அது நினைத்தால் செத்தது, நினைத்தால் எழுந்தது. கோடு போடும்வரை சமர்த்தாக இருக்கும். கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தைத் தயாரிக்கச் சொன்னால் பாதியில் பொட்டென்று அணைந்துவிடும்.

அவரும் சும்மா இருக்கவில்லை. ராம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையையும் விடவில்லை. அதைத் தனியே கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து ஓடவிட்டு மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட், சுத்தமாகக் காட்டியது.

"சப்ளை நல்லாருக்கு. உன் சாஃப்ட்வேர்தான் சரியில்ல" என்று பழியைத் தூக்கி மனைவி தலையில் போட்டார்.

அவளுக்கு முதல் தடவையாக ஒரு அடுக்குமாடி வேலை கிடைத்திருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் படங்கள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த மீட்டர்காரர், வாசலில் சகலையின் வண்டி நிற்பதைப் பார்த்தார். பசி அங்கேயே செத்துப்போயிற்று.

"யாரக் கேட்டு அவன வரச்சொன்ன?" என்று சமையலறையில் அடிக்குரலில் சீறினார்.

"உங்களக் கேட்டுக்கிட்டுதானே ஒரு வாரமா உக்காந்திருந்தேன்" என்றாள் மனைவி.

சகலை கம்ப்யூட்டருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணே. உங்க மீட்டரக் கொஞ்சம் குடுங்க."

கொடுக்காமலிருக்க ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. சகலை எதையும் கழற்றவில்லை. பெட்டிக்குள் சும்மா தொங்கிய ஒரு பிளக்கில் மீட்டரின் முனைகளைச் செருகிவிட்டு, "அக்கா, இப்ப படத்த ஓடவிடுங்க" என்றார். பன்னிரண்டு பதினொன்றரை ஆயிற்று. பதினொன்றுக்கும் கீழே போயிற்று. கம்ப்யூட்டர் அணைந்தது.

"சப்ளை சும்மா இருக்கறப்ப ஒழுங்கா காட்டும்ணே. வேலை குடுத்தாதான் படுத்துக்குது."

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம். தன் மீட்டரே தன் மூக்கை உடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

சகலை பையிலிருந்து வேறு சப்ளையை எடுத்து மாட்டினார். படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிறைய ஆரம்பித்தது. முதல் மாடி தாண்டியும் அணையவில்லை. மனைவி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "தம்பி, நீங்க நல்லாருக்கணும்" என்றாள். தன்னால் அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சம் என்றைக்காவது வந்ததா என்று மீட்டர்காரர் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. கண்ணாடிக் கதவு போகட்டும், சோபா போகட்டும், இதுவுமா அவனுக்கு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சகலைக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். மீட்டர்காரர் மனைவியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். அணைஞ்சு தொலை, ஒரே ஒரு தரம் அணைஞ்சு தொலை என்று மனசுக்குள் மன்றாடினார். பாதிப் படம் இன்னும் பாக்கி இருந்தது. திரையின் கீழ்ப்பாதி கன்னங்கரேலென்று கிடந்தது.

"நின்னுடணும்னு வேண்டிக்கறீங்க, இல்ல?" என்றாள் மனைவி, திரும்பாமலே.

"சேச்சே! நான் எதுக்கு..."

"உங்க மூஞ்சி இந்தக் கறுப்புல நல்லாத் தெரியுது."

அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நின்னா தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். "போறது என் வேலை."

அவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.