சிரப் குலுக்கும் சத்தம்

ஜெயபிரகாஷுக்கு உட்காரத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் நான், பல வருடமாகப் பார்க்கிறேன். சோறு தின்னும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "தறி ஓட்டறயா?" என்று கேலி செய்வேன். மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் அவனுக்கு மேற்பார்வை வேலை. விடிந்ததும் கூண்டு வரிசைகளுக்கு நடுவே குனிந்து, எச்சத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பான். எச்சம் தண்ணீராக இருந்தால் குடிதண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலந்துவிடுவான். மறுநாள் சரியாகிவிடும். அவனுக்கு உலகமே அப்படித்தான்.

மகளிடமும் அதையே செய்தான். யாழினிக்கு இப்போது மூன்று வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம். அப்படி ஆகும்போதெல்லாம் மருந்துக்கடைக்கு ஓடி, சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிவந்து ஊற்றினான். கொஞ்சநாள் நிற்கும், திரும்ப வரும். பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

கடைசியில் என் காரில்தான் சேலத்துக்குப் போனோம். குழந்தைகளுக்கான குடல் மருத்துவர் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்றும் ஜெயபிரகாஷ் நின்றுகொண்டுதான் கேட்டான். பிறவியிலேயே ஒரு மரபணுவில் கோளாறு, அதனால்தான் குடல் புண்ணாகிறது, யார் மீதும் தப்பில்லை என்றார் மருத்துவர். ஆனால் இந்த நோயில் குடலில் இருக்கவேண்டிய நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, கெட்டவை பெருகிவிடுமாம். ஓயாமல் ஊற்றிய சிரப் மிச்சமிருந்த நல்லதையும் அழித்திருக்கலாம். புண்ணுக்கு வேறு மருந்து தொடங்கினார். எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்து மலத்தைச் சோதிக்க வேண்டும், அதுவரை தன்னைக் கேட்காமல் ஒரு சொட்டு ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது என்றார்.

அந்த மாதம் அவன் பட்ட பாடு எனக்கே எரிச்சலாக இருந்தது. வாசலுக்கும் கழிவறைக்கும் நடை. பண்ணைக்குப் போனால் அங்கிருந்து போன் மேல் போன்.

சோதனைக்கு முந்தின வாரம் யாழினிக்கு மறுபடி ஆரம்பித்தது. காலையிலிருந்து நிற்கவில்லை. ஜெயபிரகாஷ் பைக்கை எடுத்தான். அவன் மனைவி சௌமியா பின்னாலேயே ஓடினாள்.

"ஏனுங்க, டாக்டர்கிட்டப் பேசிட்டனுங்க. காச்சல் இல்லீல்ல, உப்புச் சக்கரைத் தண்ணி குடுங்க, நாளைக்கு வெடியக் கூட்டியாங்கன்னு சொன்னாருங்க."

"நாளைக்கு வரைக்கும் சும்மா பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றயா?" என்றபடி போய்விட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் வீட்டிலேயே போய்க் காத்திருந்தேன். திரும்பி வந்தவன் கையில் சிரப் பாட்டில்.

"வேண்டாண்டா, சொன்னாக் கேளு," என்றேன்.

காதில் வாங்கவே இல்லை. மூடியைத் திருகினான், உள்ளே இருந்த மருந்துப் பொடியில் ஆறவைத்த தண்ணீரை ஊற்றினான், பாட்டிலைக் குலுக்கினான்.

யாழினி அம்மா மடியில் துவண்டு கிடந்தாள். சத்தம் கேட்டதும், கண்ணைக்கூடத் திறக்காமல் வாயைத் திறந்தாள்.

குலுக்கிய கை நின்றுவிட்டது. யாரும் சொல்லாமலே, கேட்காமலே திறந்த வாய். அதைப் பார்க்க என்னாலும் முடியவில்லை.

"அண்ணா, இதக் கொண்டுபோயிருங்க," என்று பாட்டிலை என் கையில் திணித்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, மகளின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"மூடிக்க சாமி. வாய மூடிக்க."

அவளுக்கு என்ன புரியும்? அப்பா இன்னும் கொடுக்கவில்லையே என்று வாயைப் பெரிதாகத் திறந்தாள். சௌமியா ஒரு கரண்டி உப்புச் சக்கரைத் தண்ணீரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.