தேனீக்குப் பூங்கா திறந்த கதை

குறிஞ்சிப்பிட்டியில் என் பூசணித் தோட்டத்துக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவே அரசாங்கக் காணித் துண்டு ஒன்று கிடக்கிறது. அதில் தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பூங்கா அமைக்கப் போவதாக ஒரு திட்டத்தின் அதிகாரி வந்து சொன்னபோது, ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். காரணம் என் முழங்கால்.

சுற்றிவர மருந்தடித்து மருந்தடித்துப் பூச்சிகள் குறைந்துபோய், காலையில் ஆண்பூவைப் பிடுங்கிப் பெண்பூவில் தடவும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. பக்கத்துத் தோட்டக்காரி தினமும் வேலிக்கு மேலால் கேட்பாள்: “என்ன ராத்தா, இன்டைக்கு எத்தனை கலியாணம்?” அவளுக்கென்ன, வெங்காயம் போடுகிறவள், மருந்தும் அவள்தான் அடிக்கிறாள். எனக்கோ குந்தினால் எழும்ப முடியாது. குந்தவே வேண்டாம் என்றுவிட்டார் வைத்தியர். தேனீ வராவிட்டால் தோட்டத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

பூங்காவில் முதலில் முளைத்தது பெயர்ப்பலகை. அடுத்து ஒரு சீமெந்து இருக்கை, தேனீக்கள் களைத்துப்போனால் உட்காருவதற்காக்கும். பிறகு சாடியில் வளர்ந்த செடிகள் வந்தன. அடுக்கடுக்காக இதழ், கண்ணைப் பறிக்கும் நிறம். ஒரு பூச்சிகூட அவற்றை எட்டிப் பார்க்கவில்லை. அதிகாரி மனம் தளரவில்லை. திறப்பு விழாவுக்குப் பெரிய ஆள் வருகிறார், சிரமதானம் செய்து இடத்தைத் துப்புரவாக்குங்கள் என்றார்.

பெரிய ஆள் வருகிறார் என்றால் எங்கள் ஊருக்குப் பச்சையாக எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். எல்லோரும் மண்வெட்டியோடு வந்தார்கள். முழங்காலைத் துணியால் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனேன் நான். காணி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தும்பை பூத்திருந்தது. அதில் மொய்த்த சின்னத் தேனீக்களை, “சீ, போ!” என்று முக்காட்டுத் தலைப்பால் விரட்டி விரட்டிக் கொத்தினேன். அல்லா மேல் ஆணை, விரட்டினேன். அப்போதும் மண்டையில் ஏறவில்லை. பத்து மணிக்குப் பணிஸும் பிளேன்டீயும் தந்தார்கள். காணி மொட்டைத்தலை போல மினுங்கியது.

விழாவில் பெரிய ஆள், “தேனீ எங்கே?” என்று கேட்டார்.

“வரும் சேர்,” என்றார் அதிகாரி.

அடுத்த கிழமை, நான் தடவாமல் விட்ட பிஞ்சுகள் ஒன்றுவிடாமல் மஞ்சளாகி விழுந்தன. முன்பெல்லாம் அவற்றில் பாதியாவது பிடிக்கும். அந்தப் பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தது யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதிகாரியை ஏச வாயைத் திறந்தேன். வெட்கமாக இருந்தது, மூடிக்கொண்டேன். வேலியோரம் உட்கார்ந்து அழுதேன்.

மழைக்குப் பிறகு தும்பை திரும்ப முளைத்தது. பூங்காவின் ஆண்டு நிறைவுக்கு மறுபடியும் சிரமதானம் என்றார்கள். அன்று விடியவே வீட்டுக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்த் தும்பைக்கு நடுவே போட்டு உட்கார்ந்தேன். அதிகாரி வந்து பார்த்துச் சிரித்தார்.

“என்ன ராத்தா, போன முறை முதல் ஆளா வெட்டினது நீங்கதானே?”

“ஓம் சேர், நான்தான் வெட்டினன். அதாலதான் இந்த முறை உங்கள வெட்ட விடமாட்டன்.”