ஏழாம் வரிசை

இஸ்திரியம்மாவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பது வருடமாக விரிப்புகளைத் தேய்ப்பவர். மாதம் ஒரு ஞாயிறு எங்கள் கடலோரப் பூங்காவுக்கு வருவார். “நான் பொறந்த எடத்துக்கு நானே டிக்கெட் எடுக்கணுமா?” என்று, சீட்டுக் கிழிக்கும் என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

இந்தப் பூங்கா ஒரு காலத்தில் தென்னந்தோட்டம்; மர வரிசைகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. போன ஞாயிறு புதுப்புடவையில் வந்தவர் சண்டையே போடவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நேரே கடல் பக்கம் போனவர், பூட்டும் நேரத்தில் கண் வீங்கித் திரும்பினார்.

“தம்பி, யாராச்சும் என்னைத் தேடி வந்தாங்களா?”

பிறகுதான் கதை வெளியே வந்தது. தாயில்லாத அவரை வளர்த்தது அக்கா. இவருக்கு எட்டு வயதாகும்போது அந்த அக்கா படகோட்டி ஒருவனோடு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். அதன்பின் தகவலே இல்லை. அந்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு அந்த அக்கா எங்கெங்கோ விசாரித்து, சலவைக்கூடத்துக்குப் போன் செய்து குமாஸ்தாவிடம் சொல்லிவைத்திருக்கிறாள்: ‘ஞாயித்துக்கிழமை நாம வெளையாடின ஏழாம் வரிசைக்கு வரேன். மன்னிச்சிருந்தா வா. வரலேன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.’ அந்தக் குமாஸ்தா நம்பரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் தேங்காய் ஏற்றும் படகு கரையில் நிற்குமாம். அதனால் தோட்டத்து ஆட்கள் மர வரிசையைக் கடலிலிருந்து எண்ணுவார்கள். இவர் அப்படிக் கடலிலிருந்து எண்ணிய ஏழாம் வரிசையில் நின்றிருக்கிறார். நாங்கள் எண் பலகை வைத்திருப்பதோ வாசலிலிருந்து. அந்த ஏழாம் பலகையடியில் காலையிலிருந்து ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார்.

“அப்ப அவ சின்னப்புள்ள, தோட்டத்துக் கணக்கெல்லாம் மறந்திருப்பா. பலகையத்தான் பாப்பா,” என்று அந்த அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். தங்கச்சி வந்தாளா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். மாதாமாதம் வருகிற இஸ்திரியம்மாதான் அந்தத் தங்கச்சி என்று எனக்குத் தோன்றவில்லை; என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாலு மணி பஸ்ஸுக்கு அவர் போய்விட்டார்.

இதையெல்லாம் இஸ்திரியம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று தலை குனிந்துகொண்டேன்.

“ஏதாச்சும் சாப்பிட்டாளா?”

“ரெண்டு பொட்டலம் வெச்சிருந்தாங்க. பிரிக்கவே இல்லம்மா.”

இஸ்திரியம்மா போய் ஏழாம் பலகையடியில் உட்கார்ந்தார். வாசலைப் பூட்டாமல் நானும் கூடப் போய் நின்றேன்.

“கோவமெல்லாம் அவ போன மறுவாரமே போயிருச்சு தம்பி,” என்றார். “அத அவகிட்ட யாரு சொல்லுவா?”