விதவை என்கிற வேலை

குலு நகரில் லம்வாகாவைப் போலப் பை தைக்க ஆள் கிடையாது. அவள் பூவோடு பூ பொருந்த வெட்டித் தைத்தால், இணைப்பு எங்கே என்று தையல்காரனே தேடவேண்டும். கண்ணிவெடி அவள் கணவனைக் கொண்டுபோனபோது கையில் மூன்று பிள்ளைகள். விதவைகள் சங்கம்தான் மிஷினும் கொடுத்துத் தொழிலும் கொடுத்தது. வெளிநாட்டுக்காரர்கள் நியாயமான விலைக்குத்தான் வாங்கினார்கள். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

சிக்கல் ஓலோயா வாத்தியார் உருவில் வந்தது. மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். கட்டிக்கொள்கிறேன் என்றார். லம்வாகாவுக்கும் ஆசைதான். சங்கத் தலைவி பிலோமேனாவிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள்.

"கட்டிக்கோடி, யாரு வேண்டாங்கிறா? ஆனா மிஷினை வெச்சுட்டுப் போகணும். விதவை தச்ச பைன்னுதானே வாங்குறாங்க?"

"பை நல்லா இருக்குன்னு வாங்கலையாக்கா?"

"அதுவுந்தான்" என்றாள் பிலோமேனா, முகத்தைப் பார்க்காமல்.

வாத்தியார் சம்பளமோ மூன்று மாதம் தள்ளி வரும். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அதை நம்பி ஐந்து வயிறுகளை விடுவதா? லம்வாகா இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தாள். ஆனாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் ஆட்கள் பெண் கேட்டு வந்து, பரிசத்துக்கு எத்தனை மாடு என்று பேசச் சம்மதித்துவிட்டாள். பிலோமேனாவிடம் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை, பை வாங்குகிறவர்கள் அவள் வீட்டைப் பார்க்கக் கிளம்பி வந்துவிட்டார்கள். எள் விழுது கலந்த கீரை பரிமாறிக்கொண்டிருந்தபோது, ஓலோயா சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீரோடு வந்து நின்றார். குழாய் வறண்ட நாளெல்லாம் அவர்தான் கொண்டுவருவார். கடைக்குட்டி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டது.

"இவர் யார்?" என்று வெள்ளைக்காரம்மா கேட்டாள். பிலோமேனாவின் பார்வை லம்வாகா மேல் விழுந்தது.

"தண்ணி விக்கிறவரு" என்றாள் லம்வாகா.

"தண்ணி விக்கிறவங்ககூட இங்க எவ்வளவு அழகா இஸ்திரி போட்டு உடுத்துறாங்க!" என்று அந்தம்மா ஆங்கிலத்தில் வியந்தாள். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் ஓலோயாவின் பிழைப்பு. "தேங்க் யூ மேடம்" என்று கேன்களை இறக்கி வைத்தார்.

லம்வாகா வேலிவரை அவர் பின்னாலேயே ஓடினாள்.

"வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. பயத்துல வாயில வந்துடுச்சு."

"புள்ளைங்களுக்காகச் சொன்னே. இன்னைக்கு நான் தண்ணிக்காரன், சரி. அடுத்த வருஷமும் வருவாங்களே, அப்ப நான் யாரு?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை எங்காளுங்க வரட்டுமா, வேண்டாமா? இப்பவே சொல்லிடு."

உள்ளேயிருந்து பிலோமேனா கூப்பிட்டாள்: "லம்வாகா, உன் புருஷன் செத்த கதையைக் கேக்குறாங்க, வா!"

லம்வாகா அவரைப் பார்த்தாள். பிறகு, "வரேன்க்கா" என்று உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். செத்தவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். வெளியே சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டபோதும் நிறுத்தவில்லை.